ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர், மூன்று பாடசாலைகள்: திருகோணமலையில் முதலாம் தரம்

போன வருடம் எங்கள் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் ஒன்றாக முதலாம் தரத்துக்குப் போனார்கள். என் மகள் நகரத்தில் உள்ள ஒரு கிறிஸ்தவப் பாடசாலைக்கு. தங்கச்சியின் மகன் இந்துப் பாடசாலைக்கு. அண்ணாவின் மகள் ஆங்கிலத்தில் படிப்பிக்கும் தனியார் பாடசாலைக்கு. மூன்று பேருக்கும் சில மாத வித்தியாசம்தான். ஒரே அம்மம்மாவின் கையால் புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, வருட முடிவில் மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பாடசாலைகளின் வித்தியாசம் துலக்கமாகத் தெரிந்தது. உப்புவெளியிலும் அன்புவழிபுரத்திலும் இருக்கிற தெரிந்தவர்கள் விண்ணப்பக் காலம் நெருங்கும்போது "எதில போடலாம் அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெயரில் புனிதர் இருப்பதால் அது இன்னும் திருச்சபை நடத்துகிற பாடசாலை என்று பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது. புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி எல்லாம் மிஷன் வழி வந்தவை. ஆனால் 1960இலும் 1961இலும் வந்த இரண்டு சட்டங்களால் அரசின் உதவிப் பணத்தோடு சமய அமைப்புகள் நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. கிறிஸ்தவப் பாடசாலைகள் மட்டும் போகவில்லை. சுவாமி விபுலானந்தர் அதிபராக இருந்த, இராமகிருஷ்ண மிஷனின் கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் அதே வழியில்தான் போனது. ஆகவே என் மகளுடைய பாடசாலைக்கும் தங்கச்சி மகனுடைய பாடசாலைக்கும் சட்டப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. பாடத்திட்டம் ஒன்று, இலவசப் புத்தகம் ஒன்று, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஒரே கை. வித்தியாசம் இருப்பது பழக்கத்தில். காலையில் எப்படித் தொடங்குகிறார்கள், அழுகிற பிள்ளையிடம் யார் போய் நிற்கிறார்கள், பண்டிகை எப்படி வருகிறது என்பவற்றில்.

அனுமதியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஜனவரி 31இல் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். இடங்கள் பிரிக்கப்படும் முறை பலருக்குத் தெரியாது. அயலில் வசிப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு 15, கல்வித் துறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றத்தில் வந்தவர்களுக்கு 4, வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு 1. அயலில் வசிப்பவர் என்று போட்டாலும், உங்கள் வீட்டுக்கு அதைவிடக் கிட்ட வேறு பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். உப்புவெளியில் இருந்துகொண்டு நகரத்துக்குள் இருக்கும் பாடசாலைக்கு அந்தப் பிரிவில் போட்டிபோடுவது கஷ்டம். என் மகளுக்கு இடம் கிடைத்தது நான் அங்கே படித்தவள் என்பதால்தான். மறைக்க ஒன்றுமில்லை.

கிறிஸ்தவ வழி வந்த பாடசாலைக்கு இன்னொரு விதி உண்டு. 1961இல் பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில், பொறுப்பேற்ற நேரத்தில் எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதத்தையும் கவனத்தில் எடுத்து இடம் பிரிப்பார்கள். எங்களைப்போன்ற சைவக் குடும்பம் அங்கே விண்ணப்பிக்கும்போது சைவப் பிள்ளைகளுக்கு ஒதுங்கும் பங்குக்குள்தான் போட்டி. பாலையூற்றில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துக்குக் கணக்கு வேறு. இது தெரியாமல் "எங்கட பிள்ளைக்கு ஏன் கிடைக்கேல்ல" என்று வருடா வருடம் மனம் உடைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட என்னை வருத்துவது காணி உறுதிப் பிரச்சினை. வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சாரப் பட்டியல் என்று ஒரு கட்டு ஆவணம் வேண்டும். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களும், அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களும், வாடகை வீட்டில் இருப்பவர்களும் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! உண்மையில் பக்கத்தில் வசிக்கிற பிள்ளைக்குக் கடதாசி இல்லாததால் புள்ளி குறைகிறது. மூன்று பாடசாலைகளில் தனியார் பாடசாலை மட்டும்தான் இதைக் கேட்காது. அது கேட்பது பணத்தை.

சரி, முதல் நாளுக்கு வருவோம். தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா எல்லா அரச பாடசாலைகளிலும் நடக்கும். இரண்டாம் தரப் பிள்ளைகள் வாசலில் நின்று மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். தங்கச்சி மகனுக்குப் பிள்ளையாருக்குப் பூசை, தேவாரம், பிறகு அதிபரின் பேச்சு. அவனுக்கு எல்லாம் தெரிந்த விஷயம். விஜயதசமிக்குக் கோவிலில் ஏடு தொடக்கிய பிள்ளை அவன். அதே மணி, அதே கற்பூர வாசம். வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போனதுபோல உள்ளே போய்விட்டான்.

என் மகளுக்கு அப்படி இல்லை. மெழுகுதிரி ஏற்றி, ஒரு அருட்சகோதரி செபம் சொல்லி, பெரிய பிள்ளைகள் பாடினார்கள். மாரி இன்னும் விடவில்லை. வெள்ளைச் சீருடையில் சேறு தெறித்திருந்தது. மாலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினவள் வகுப்பு வாசலில் என் சேலையை விடவில்லை. அப்போது அந்த வகுப்பு ரீச்சர் செய்ததை மறக்கமாட்டேன். சுவரில் இருக்கும் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் மட்டையில் வெட்டிய இன்னொரு மணிக்கூடு தொங்கியது. அதன் முள்கள் பதினொன்றரையில் ஒட்டப்பட்டிருந்தன. "ரெண்டு மணிக்கூடும் ஒரே மாதிரி வந்தா அம்மா வந்திடுவா. நீங்க பாத்துக்கொண்டு இருங்க, வந்தவுடனே எனக்குச் சொல்லவேணும்" என்றா. மகள் அழுகையை விட்டு முள்ளைப் பார்க்கத் தொடங்கினாள். முதல் கிழமை முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. இரண்டாம் கிழமை மறந்துவிட்டாள்.

தனியார் பாடசாலையில் முதல் நாள் அழகாக இருந்தது. பலூன், கேக், குளிரூட்டிய அறை, இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த எண்ணிக்கையை நான் மனதாரப் பொறாமைப்படுகிறேன். மகளின் வகுப்பில் நாற்பதுக்குக் கிட்ட. எவ்வளவு நல்ல ரீச்சர் என்றாலும் நாற்பது பிள்ளைகளின் கொப்பியை ஒருத்தியால் நின்று பார்க்க முடியாது. பின்வரிசையில் இருந்த மகள் "ட"வையும் "ப"வையும் மாற்றி எழுதியது இரண்டாம் தவணையில்தான் பிடிபட்டது. நான்தான் பிடித்தேன்.

சமயம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "சைவப் பிள்ளையை வேதப் பள்ளிக்கு விட்டா மாறிடாதா?" என்று. வேதப் பள்ளி என்று சொல்வது கிறிஸ்தவப் பாடசாலையை. அரச பாடசாலை எதுவானாலும் பிள்ளைக்குப் பெற்றோரின் சமயம்தான் பாடம். சமய பாட நேரத்தில் வகுப்பு பிரியும். சைவநெறிப் புத்தகத்தோடு ஒரு கூட்டம் போகும், கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம், முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் இஸ்லாம் ஒரு பக்கம். மகள் தேவாரம் படித்தது அந்தப் பாடசாலையில்தான். காலைச் செபத்துக்கு எல்லோரும் கையைக் கூப்பி நிற்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை ஐந்து வயது. பார்ப்பதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரும். ஒரு நாள் குசினியில் புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. எனக்கு ஒரு கணம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாதான் சொன்னா: "கும்பிட்டிட்டுத்தானே சாப்பிடுது, விடு பிள்ள." பிறகு அவளுக்கு நான் சொன்னது, பாடசாலையில் கூட்டாளிகள் அப்படிக் கும்பிடுவார்கள், நாங்கள் இப்படிக் கும்பிடுவோம் என்று. விளங்கிக்கொண்டாள். இப்போது நத்தாருக்கு யார் வீட்டுக்குப் போகவேண்டும், தைப்பொங்கலுக்கு யாருக்குப் பொங்கல் கொண்டுபோக வேண்டும் என்று அவளிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. தங்கச்சி மகனுக்கு இது இல்லை. வகுப்பில் அநேகமாக எல்லோரும் அவனைப் போலத்தான். தேவாரம் அவனுக்கு மகளைவிட எத்தனையோ மடங்கு நன்றாக வரும், குரலும் ராகமும் சேர்ந்து வரும். அது பெரிய சொத்து என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருக்கிற இந்த ஊரில், பக்கத்து மேசைப் பிள்ளை வேறு மாதிரிக் கும்பிடும் என்பதை ஐந்து வயதில் பயமில்லாமல் தெரிந்துகொள்வதை நான் அதைவிட மேலே வைப்பேன்.

மொழிக்கு வந்தால் அண்ணாவோடு எனக்கு வாக்குவாதம் வரும். அரச பாடசாலையில் முதல் இரண்டு வருடம் ஆங்கிலம் பேச்சோடும் விளையாட்டோடும் வருவதுதான். பாடமாகத் தொடங்குவது மூன்றாம் தரத்தில். அண்ணாவின் மகள் இப்போதே ஆங்கிலத்தில் கதை சொல்கிறாள், கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸின் முன் பலகையில் "திருகோணமலை" என்று எழுதியிருந்ததை என் மகள் எழுத்துக்கூட்டி வாசித்தபோது, அண்ணாவின் மகள் கீழே இருந்த ஆங்கில எழுத்தைத் தேடினாள். அம்மம்மா எழுதி வைக்கும் சாமான் பட்டியலையும் அவளால் வாசிக்க முடியாது. தமிழ் அங்கே கிழமைக்குச் சில பாடவேளைகள் மட்டும். பிள்ளை வெளிநாடு போகப்போகிறது என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். இங்கேயே வளரப்போகும் பிள்ளைக்கு முதல் எழுத்து வீட்டு மொழியில் வரவேண்டும். இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

அதோடு, இந்தத் தனியார் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, கல்வி அமைச்சின் கீழ் வருவதில்லை. இலவசப் புத்தகமும் சீருடைத் துணியும் கிடையாது. ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சை அரச பாடசாலைகளுக்கும் அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலைகளுக்கும் உரியது. பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தனியாருக்குத் தவணைக்குத் தவணை கட்டணம். மற்ற இரண்டிலும் அபிவிருத்திச் சங்கக் காசும், இடைக்கிடை வகுப்பறைக்குப் பெயின்ற், மின்விசிறி என்று வரும். கிறிஸ்தவப் பாடசாலை, இந்துப் பாடசாலை என்று அதில் பேதம் பார்க்கவில்லை.

தூரம்தான் என்னைக் களைக்க வைத்தது. முதலாம் தரம் பதினொன்றரைக்கு விடும். வீட்டில் இருந்து நகரத்துக்கு நாலு கிலோமீற்றர். காலையில் ஓட்டோ, பதினொன்றுக்குத் திரும்ப ஓட்டோ. வேலைக்குப் போகிற தாய்க்கு நடுப்பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். நல்ல நாட்களில் பஸ் நிலையத்துப் பக்கம் நிற்கும் மான்களைப் பார்த்துக்கொண்டு வருவோம், மகளுக்கு அது பெரிய சந்தோஷம். மழை நாளில் இரண்டு பேரும் நனைந்து, சப்பாத்தை அடுப்படியில் வைத்துக் காயவைப்போம்.

அப்போதெல்லாம் எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் சின்ன ஆரம்பப் பாடசாலையை நினைப்பேன். எங்கள் கணக்கில் அது வரவே இல்லை. மூன்று குடும்பத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வருட நடுவில் ஒரு வேலையாக உள்ளே போனேன். முதலாம் தரத்தில் பதினான்கு பிள்ளைகள். ரீச்சர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தா. தனியார் பாடசாலையில் அண்ணா காசு கொடுத்து வாங்குகிற அந்தக் கவனிப்பு இங்கே சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் குறையக் குறைய இப்படியான பாடசாலைகள் மூடப்படும். மூடினால் நகரத்துக்குப் போக வழியில்லாத பிள்ளைகள்தான் முதலில் அடிபடும்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. பழைய மாணவர் என்ற உரிமையோ சகோதரர் என்ற உரிமையோ இருந்து, கூட்டிக்கொண்டுவர ஆளும் இருந்தால், கிறிஸ்தவப் பாடசாலையைத் தயங்காமல் முதலாவதாகப் போடுங்கள், நீங்கள் எந்தச் சமயம் என்றாலும். பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு என்றால் இந்துப் பாடசாலையும் ஒரு குறையும் இல்லாத தெரிவு. இரண்டும் இல்லாதவர்கள் பெயருக்காக அலைய வேண்டாம், ஒழுங்கை முடிவில் இருப்பதற்குள் ஒருதரம் போய்ப் பாருங்கள். தனியாரை நான் கடைசியில்தான் வைப்பேன்.

சின்னவளுக்கு அடுத்த வருடம். விண்ணப்பத்தில் அக்காவின் பாடசாலை முதலாவது, ஒழுங்கைப் பாடசாலை இரண்டாவது. இரண்டாவதை ஒப்புக்கு எழுதவில்லை, கிடைத்தால் மனநிறைவோடு விடுவேன்.

பெரியவள் இந்த வருடம் இரண்டாம் தரம் என்பதால் கால்கோள் விழாவில் மாலை போட அவளும் நின்றாள். அவள் பங்குக்கு வந்த பையன் தாயின் கையை விடாமல் ஒரே அழுகை. மாலையை அவன் கழுத்தில் போட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், சுவரைக் காட்டினாள். "அழாத. ரெண்டு மணிக்கூடும் ஒரே மாதிரி வந்தா அம்மா வந்திடுவா."