கைதானவர் எந்தச் சிறையில்? கூடலூரிலிருந்து தேடிப் பார்த்த சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் கைதானால் குடும்பத்தார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள்? சென்ற மழைக்காலத்தில், எங்கள் பக்கத்து லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கும் அக்காவின் மகன் ஓர் அடிதடி வழக்கில் ஞாயிற்றுக்கிழமை கைதானபோது, அந்தக் கேள்விக்கு விடை தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது பயன்படுத்திய சேவைகளையும், பிறகு வேறு இரண்டு குடும்பங்களுக்காகப் பயன்படுத்தியவற்றையும் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஞாயிறன்று கைதானவரை மாஜிஸ்திரேட்டின் இல்லத்திலேயே நிறுத்தி ரிமாண்ட் செய்துவிடுவதுண்டு, அதாவது காவலில் வைக்க உத்தரவு பெற்றுவிடுவதுண்டு. எங்களுக்கு அது தெரியாததால், திங்கட்கிழமை காலையில் நீதிமன்ற வாசலில் காத்திருந்து நேரத்தை வீணாக்கினோம். காவல் நிலையத்தில் ஒருவர் சொன்னதை நம்பி மலையிலுள்ள ஒரு கிளைச் சிறைக்குப் பேருந்தில் போனோம். பையன் அங்கே இல்லை. மாலையில் வேறொரு கிளைச் சிறையின் வாசலில் நின்று பெயரைச் சொன்னபோது, பதிவேட்டைப் புரட்டிய காவலர் தலையை அசைத்த பிறகுதான் அக்காவுக்கு உயிரே வந்தது. காலையில் வாங்கிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் அதுவரை அவர் மடியிலேயே இருந்தது.

இந்த அலைச்சலுக்கு அவசியமே இல்லை என்று சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவின்படி, கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ கைது பற்றியும் அவர் வைக்கப்பட்டுள்ள இடம் பற்றியும் காவல்துறை உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாயிற்றா என்பதை மாஜிஸ்திரேட் சரிபார்க்கவும் வேண்டும். 37ஆம் பிரிவோ, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு அடுத்த கீழ்நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டும் என்றும், அவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் டிஜிட்டல் முறை உட்படக் கண்ணில் படும்படி காட்டப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே இப்போதெல்லாம் நான் முதலில் நிலையத்துக்குப் போய், 37ஆம் பிரிவின்படியான பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று பிரிவின் எண்ணைச் சொல்லியே கேட்கிறேன். பணிவாகக் கேட்டாலும் எண்ணோடு கேட்கும்போது பதில் சீக்கிரம் வருகிறது.

அடுத்தது, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் முதல் தகவல் அறிக்கையைப் பார்ப்பது. இணைப்பு வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை தந்து, மற்ற இடங்களில் 24 மணி நேரத்துக்குள் அறிக்கையைப் பதிவேற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற கூர் உணர்வுள்ள வழக்குகள் இதில் வராது. எங்களைப் போன்ற மலை மாவட்டத்துக்கு இந்த 72 மணி நேரச் சலுகை முக்கியமானது. முதல் நாளே தேடிவிட்டு, இல்லை என்று கைவிட வேண்டாம். அந்த அறிக்கையிலிருந்து நமக்கு வேண்டியது குற்ற எண். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லா வேலைக்கும் அதுதான் சாவி.

நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் சேவைதான் இவற்றில் என் மதிப்பை மிக அதிகம் பெற்றது. செல்பேசிச் செயலியாகவும் இணையதளமாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வழக்கறிஞர் பெயர் ஆகியவற்றால் தேடலாம். காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் ஆண்டையும் கொடுத்தும் தேடலாம். வழக்கு கிடைத்துவிட்டால் அதன் சி.என்.ஆர். எண்ணை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கத் தனி அடையாள எண்ணை, சேமித்துக்கொண்டு, அடுத்த வாய்தா என்றைக்கு, என்ன உத்தரவு என்று தோட்டத்திலிருந்தபடியே பார்க்கலாம். ஊட்டிக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை இங்கே வாழ்பவர்களே அறிவார்கள்.

பெயரைக் கொண்டு தேடுவதில் மட்டும் மிகுந்த பொறுமை வேண்டும். பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன; நம் பெயர்களுக்கோ ஆங்கிலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. கதிர்வேல் என்ற பெயரில் தகரத்துக்கு 'டி' மட்டும் போடுபவரும் உண்டு, 'டிஎச்' போடுபவரும் உண்டு. இன்னொரு அடையாள அட்டையில் அவரே கதிர்வேலு ஆகியிருப்பார். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்குமா, பின்னால் நிற்குமா என்பதும் எழுதுபவரைப் பொறுத்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில், தாயகம் திரும்பியோருக்கான பழைய குடும்ப அட்டையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று மூன்று விதமாக இருப்பது சாதாரணம். அக்காவின் மகன் பெயரை நான் ஏழு விதமாக எழுதித் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. தேடலுக்கு மூன்று எழுத்துகள் போதும் என்பதால், மாறாத முதல் மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்து, ஆண்டையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்துப் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதே நல்ல வழி. குற்ற எண் கையில் இருந்தால் இந்தச் சிரமமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சேவை வழக்கைக் காட்டும். ஆள் இன்று இரவு எந்தச் சிறையில் படுத்திருக்கிறார் என்பதைக் காட்டாது. அது அதற்காக உருவாக்கப்பட்டதும் அன்று. குற்றப்பத்திரிகை கோப்பில் ஏற்கப்படும் வரை வழக்கு எண்ணும் இருக்காது. அதற்கு முன்பே ஜாமீன் மனு தாக்கலாகியிருந்தால் அந்த மனுவின் எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும்.

சிறையில் சந்திப்பதற்கான இ-முலாகாத் பதிவும் இப்படித்தான். வீட்டிலிருந்தே சந்திப்புக்குப் பதிவு செய்யலாம் என்பது நல்ல வசதி. ஆனால் மாநிலத்தையும் சிறையையும் நாமே தேர்ந்தெடுத்தால்தான் படிவம் நகர்கிறது. சிறை எதுவென்று தெரியாமல் தவிப்பவருக்கு அது பயன்படாது. தெரிந்த பிறகு நிச்சயம் பயன்படுத்துங்கள், குறிப்பாக ஆளைக் கோவை மத்திய சிறைக்கு மாற்றிவிட்டால். அங்கே மனு போட்டுப் பார்ப்பதற்காக மலையிறங்கிப் போய்த் திரும்புவதற்குள் ஒரு முழு நாள் போய்விடும்.

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகள் பலவற்றில், சிறையை நடத்தும் ஷெரிப் அலுவலகமே உள்ளிருப்போர் பட்டியலை, புகைப்படத்துடனும் ஜாமீன் தொகையுடனும், எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. அந்த வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தைப் போடுவது பிடிக்கவில்லை. பிறகு விடுதலையாகிவிடக்கூடிய ஒரு பையனின் முகம் ஊரார் செல்பேசிகளில் சுற்றக் கூடாது. குற்ற எண்ணை உள்ளிட்டால் சிறையின் பெயரும் ரிமாண்ட் தேதியும் மட்டும் வரும்படி ஒரு பக்கம் இருந்தால் எங்களுக்குப் போதும்.

ரிமாண்ட் தேதி ஏன் முக்கியம் என்றால், குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கேட்காமல் அந்த ஜாமீன் வராது. ஆகவே தேதியைக் குடும்பத்தாரே குறித்துவைக்க வேண்டும்.

விடுதலை விஷயத்தில் எங்களுக்கு உண்மையாகக் கைகொடுத்தது இலவசச் சட்ட உதவி. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தோம். காவலில் உள்ளவருக்கு வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் பையன் வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், சொத்து காட்ட வேண்டும் என்றார்கள். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டு வரி ரசீதுக்கு அக்கா எங்கே போவார்? ஜாமீன் கிடைத்து 7 நாட்களில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாக எடுத்துப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி மனு எழுதியவர், சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட ஓர் இளம் வழக்கறிஞர். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நிபந்தனை தளர்ந்தது.

விடுதலை உத்தரவு சிறைக்கு வந்து சேரும் நேரத்தையும் கவனியுங்கள். மாலையில் கைதிகளை அறைக்குள் பூட்டிய பின் வந்தால் மறுநாள் காலைதான் விடுவார்கள். நாங்கள் மழையில் சிறை வாசலில் நின்றது அப்படி ஒரு மாலையில். மறுநாள் எட்டரை மணிக்குப் பையன் வெளியே வந்தான். "சீட்டு எங்கேடா தம்பி?" என்று நான் கேட்டதும், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த விடுதலைச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். தினமும் நிலையத்தில் கையெழுத்திட வேண்டிய நிபந்தனை இருந்ததால், பேருந்து ஏறுமுன் அதை மூன்று நகல்கள் எடுத்துக்கொண்டோம்.