புறாமலைக்குப் போகிறவர்களே, டிக்கெட்டை உங்கள் கையாலேயே எடுங்கள்

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போக யோசித்திருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள். நிலாவெளிக் கடற்கரையில் ஆள் பிடிக்கும் ஒரு தரகர் எங்களிடம் இரண்டு பேருக்கு 32,000 ரூபா வாங்கினார். அதில் பாதிக்கு மேல் எந்தக் கணக்கிலும் வராத காசு. அதைவிட எனக்கு வயிறு எரிவது, முதன்முதலாக அந்தக் கடலைப் பார்க்க வந்த பிள்ளையை நின்று பார்க்க விடாமல் துரத்தியதுதான்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு. திருகோணமலை சின்ன வயதிலிருந்தே போய்வரும் இடம். கோணேசர் கோயிலுக்கென்று குடும்பமாக வெளிக்கிட்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு குளிப்பு, நிலாவெளியில் ஒரு குளிப்பு, அது இரண்டும் இல்லாமல் வீடு திரும்பியதே கிடையாது. மாமாவின் மகள் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் நன்றாகக் கதைப்பாள், ஆனால் இலங்கையில் எங்கள் வீட்டையும் கொழும்பையும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. இந்த முறை லீவில் வந்ததும் "நீங்க எப்பவும் சொல்ற அந்தத் தீவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க மச்சாள்" என்று கேட்டாள். எனக்கு அதைவிட வேறென்ன சந்தோஷம்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. கோட்டை வாசலால் நடந்து ஏறும்போது மான்கள் கிட்ட வந்து நின்றன, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டிய கதையை நடந்துகொண்டே சொன்னேன், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் எட்டிப் பார்த்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளி விட்டு, எது சூடு கூட, எது குறைவு என்று ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தாள்.

அடுத்த நாள்தான் நிலாவெளி. நகரத்திலிருந்து வடக்கே 15 கிலோமீற்றர் அளவில் வரும். ஓட்டோவால் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பியதும், கையில் ஆமையும் சுறாவும் போட்ட படங்களை லாமினேட் பண்ணி வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, கவுண்டரில பெரிய கியூ, வெயிலுக்க நிக்க வேணாம், டிக்கெட், போட், மாஸ்க், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து நானே செய்து தாறேன், தீவில மூன்று மணித்தியாலம் நிக்கலாம்" என்றார். தொகையைக் கேட்டு, இது கூடவே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும்: கூட வந்தவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் முழுக் குழுவுக்கும் வெளிநாட்டுக் கட்டணம்தானாம். சொல்லிக்கொண்டே என்னுடைய அடையாள அட்டையையும் போனில் படம் பிடித்தார். பதிவுக்கு வேண்டுமாம்.

அது பச்சைப் பொய். புறாமலை 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, நுழைவு டிக்கெட்டை அவர்களுடைய கவுண்டரில்தான் கொடுக்கிறார்கள். டிக்கெட் தலைக்கு ஒன்று. இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதால் உங்களுடைய டிக்கெட் விலை மாறாது. அடையாள அட்டையைக் காட்டினால் உள்நாட்டு விலைதான். என் அட்டையை அவர் படம் பிடித்ததே எனக்கு உள்நாட்டு டிக்கெட் எடுக்கத்தான், ஆனால் காசு வாங்கியது வெளிநாட்டு விலைக்கு.

போட்டுக்குப் போனால் ஏற்கனவே நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் உள்ளே இருக்கிறது. தனிப் போட் என்றுதான் எங்களுக்குச் சொன்னது. கேட்டால் "அவங்களும் அங்கதான் போறாங்க அக்கா" என்று சிரிக்கிறார். எனக்குத் தந்த லைஃப் ஜாக்கெட்டில் நெஞ்சுக்கு நேரே வரும் கிளிப் உடைந்து, அந்த இடத்தில் நீல நைலோன் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு ஈரத்தில் இறுகிப்போய் அவிழ்க்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது, தலைக்கு மேலால் மாட்டி இழுத்துவிட வேண்டியதுதான். கூட இருந்த குடும்பத்தில் ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று, அதற்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டையே போட்டுவிட்டு, பிள்ளையின் காது வரை அது ஏறி நின்றது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான் என்றாலும் கடல் கடல்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

தீவில் இறங்கி மச்சாள் மாஸ்க்கைப் போட்டால் கண்ணுக்கடியில் ரப்பர் வெடித்துத் தண்ணீர் உள்ளே வருகிறது. மாற்றித் தர இன்னொன்று இல்லை. என்னுடையதை அவளுக்குக் கொடுத்து, முகத்தை எப்படி வைப்பது, வாயால் எப்படி மூச்சு விடுவது என்று முழங்கால் தண்ணீரில் நின்று பழக்கினேன். முதலில் பயந்தாள். பிறகு முகத்தை உள்ளே வைத்து மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டமொன்றைப் பார்த்துவிட்டு, என் கையை அமர்த்திப் பிடித்தாளே, அந்த நேரம் பார்த்துப் போட்காரப் பெடியன் கூப்பிடத் தொடங்கிவிட்டான். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. "கச்சான் காத்து எடுக்குது, கடல் பெருக்கும், ஏறுங்க ஏறுங்க." கடல் தட்டையாகக் கிடக்கிறது, கரையிலிருந்து வேறு போட்டுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த சுற்றுக்கு ஆள் நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெடியனையும் முழுதாகக் குறை சொல்ல மனமில்லை, அவனைக் கரையிலிருந்து போனில் விரட்டிக்கொண்டிருந்தது யாரென்று எங்களுக்குக் கேட்டது. கருமுனைச் சுறாக் குஞ்சுகள் வரும் மற்றப் பக்கத்துக்கு நாங்கள் போகவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முருகைக்கல்லின் மேல், அதாவது உயிரோடு இருக்கும் பவளப் பாறையின் மேல், கால் வைக்கக் கூடாது என்று அங்கே அந்தக் கூட்டத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல்தரம் வருகிறவர்களுக்குத் தெரியாது, மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்ததும் எங்கே கால் எட்டுகிறதோ அங்கே ஊன்றி நிற்கத்தான் பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்துத் தகப்பன் கிளைக்கிளையாக இருந்த ஒன்றின் மேல் ஏறி நின்று மகனைக் கூப்பிட்டார், காலுக்குக் கீழே அது முறிந்தது. நான் போய்ச் சொன்னதும் பதறிப்போய் இறங்கினார், நல்ல மனுசன். கடல் சூடாகி வெளிறிப்போவதிலிருந்தே இந்தப் பவளங்கள் தப்ப முடியாமல் கிடக்கின்றன. அதற்கு மேல் நாங்களும் ஏறி மிதித்தால் என்ன மிஞ்சும்?

கரைக்கு வந்தால் தரகரைக் காணோம், போன் எடுக்கவில்லை. நேரே கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டு, புத்தகத்தைத் திருப்பி எங்களுடைய பதிவைக் காட்டினார். உள்நாட்டு டிக்கெட் ஒன்று, வெளிநாட்டு டிக்கெட் ஒன்று, அந்த மற்றக் குடும்பத்தோடு சேர்த்து எங்களை ஒரே குழுவாகப் போட்டிருந்தது. அப்போதுதான் கணக்கு விளங்கியது. சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று, போட் கூலி போட்டுக்கு ஒன்று. தரகர் தெரியாத இரண்டு குடும்பத்தை ஒரே போட்டில் ஏற்றிவிட்டு, குழுக் கட்டணத்தையும் போட் கூலியையும் இரண்டு பக்கமும் முழுதாக வாங்கியிருக்கிறார். மற்றக் குடும்பத்திடமும் கேட்டுப் பார்த்தேன், அவர்களிடமும் இதே கதைதான். டிக்கெட்டுத் துண்டை எங்கள் கையில் தராமல் "எங்கிட்ட இருக்கட்டும், நனைஞ்சிரும்" என்று அவரே வைத்துக்கொண்டது இதற்காகத்தான். அலுவலர் யாருக்கோ சொல்லி அனுப்பியதில் நெடுநேரம் கழித்துத் தரகர் வந்து 6,000 ரூபாவை நீட்டி, "கோவிக்காதீங்க அக்கா, கணக்குப் பிசகிப் போச்சு" என்றார். மிச்சம் வரவில்லை.

அடுத்த நாள் விடியவே திரும்பப் போனோம். அந்த முகத்தோடு அவளை நோர்வேக்கு அனுப்ப என்னால் முடியாது. கவுண்டரில் நாங்களே டிக்கெட் எடுத்தோம், கியூ என்று ஒன்றுமே இல்லை, பக்கத்தில் நின்ற வயதான போட்காரர் ஒருவரிடம் கூலியையும் திரும்பும் நேரத்தையும் பேசிக்கொண்டோம். அவர் போட்டிலிருந்து இறக்கும்போதே "கல்லுல கால் வைக்காதீங்க பிள்ளை, மணலைப் பார்த்து நில்லுங்க" என்று மச்சாளுக்குச் சொன்னார், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்திக்கூடக் கூப்பிடவில்லை. சுறாவும் கண்டாள், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட வரும், தண்ணீருக்கடியில் அவள் போட்ட சத்தம் எனக்கு மேலே கேட்டது. இப்படி நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களின் பெயரைத்தான் அந்தத் தரகர்கள் கெடுக்கிறார்கள்.

கட்டணம் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை, கவுண்டரில் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். துண்டுகளை வாங்கி, எத்தனை டிக்கெட், எந்த வகை, குழுவில் எத்தனை பேர் என்று அங்கேயே பாருங்கள், துண்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். போட் கூலி முழுப் போட்டுக்கா, ஆளுக்கா, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று போட்டில் கால் வைக்க முதல் கேளுங்கள். காசில் பாதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, கிளிப்பைப் பூட்டிப் பாருங்கள். மாஸ்க்கை வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள், ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது, விழுந்தால் வேறு கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சின்ன ஜாக்கெட் இல்லையென்றால் அந்தப் போட்டில் ஏறாதீர்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைதான் அந்தப் பக்கத்துக் கடல் நல்லது, வாடை தொடங்கிய பிறகு யாராவது "இன்றைக்குப் பரவாயில்லை" என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912 இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னேன், எழுத்திலும் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால், எந்த மாதம், எவ்வளவு வாங்கினார்கள், துண்டு தந்தார்களா என்பதைக் குறிப்பிட்டு நீங்களும் முறைப்பாடு அனுப்புங்கள்.