ரோஸ் 2: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் கல்லூரி லேபில் ரோபோ என்று சொல்லிக்கொள்ள இருப்பது நாங்களே கோர்த்த ஒரு நாலு சக்கர வண்டி, லேசரால் சுற்றுப்புறத் தூரம் அளக்கும் ஒரு லைடார், ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதில் இரண்டு வருடமாக ரோஸ் 2, அதாவது ரோபோ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஹம்பிள் என்ற பதிப்பு ஓடுகிறது. பெயரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தாலும் அது ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சென்சார், மோட்டார், மேப் என்று தனித்தனியாக ஓடும் புரோகிராம்களை ஒன்றோடொன்று பேச வைக்கிறது.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குகா ரோபோ கைக்கு கேஆர்எல், ஏபிபிக்கு ராபிட், யுனிவர்சல் ரோபோட்ஸுக்கு யூஆர்ஸ்கிரிப்ட் என்று கம்பெனிக்கு ஒரு மொழி, ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் போட முடியாது. இங்கே பைத்தான் அல்லது சி பிளஸ் பிளஸ் தெரிந்தால் போதும், கேமராவுக்கு ஒன்றிலும் மோட்டாருக்கு மற்றதிலும் எழுதினாலும் சண்டை வராது. லைடார் டிரைவர், மேப் போடும் ஸ்லாம் எல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பொருத்துவதுதான் நம் வேலை.

சரி, கடுப்பேற்றுவது? புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் சோர்ஸ் பண்ண, அதாவது ரோஸ் எங்கே இருக்கிறது என்று அந்த டெர்மினலுக்குச் சொல்லும் கட்டளையைக் கொடுக்க மறந்துவிட்டு, பேக்கேஜ் காணோம் என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். வைஃபையில் கேமரா படம் அனுப்பினால் திணறுகிறது. ஒரு நாள் எங்கள் வண்டியை நகர்த்தலாம் என்று கீபோர்டைத் தட்டினால் பக்கத்து டேபிள் டீமின் வண்டி கிளம்பிப் போய்ச் சுவரில் முட்டியது! ஒரே நெட்வொர்க்கில் ஒரு டீமின் ரோஸ் பேச்சை இன்னொன்றிலிருந்து பிரித்து வைக்கும் எண்ணான டொமைன் ஐடியை இரண்டு டீமுமே மாற்றாமல் பூஜ்ஜியத்திலேயே விட்டிருந்தோம், தப்பு எங்களுடையதுதான்.

இவ்வளவும் இலவசம். ஆனால் யாரோ காசு போட்டதால்தான் இலவசம். ஸ்டான்ஃபோர்டில் எரிக் பெர்கர், கீனன் வைரோபெக் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான ரோபோ சாஃப்ட்வேர் என்ற யோசனையோடு பணம் கேட்டு அலைந்தார்கள். அவர்களுடைய பிஆர்1 ரோபோ அறையைச் சுத்தம் செய்யும் வீடியோவைப் பாருங்கள், அசந்துபோவீர்கள், ஆனால் பின்னாலிருந்து ரிமோட்டில் ஓட்டியது ஒரு மனிதர்தான். கடைசியில் ஸ்காட் ஹாசன் தொடங்கிய வில்லோ கராஜ் என்ற ரோபோ கம்பெனி கைகொடுத்தது. 4 லட்சம் டாலர் விலை வைத்த பிஆர்2 ரோபோவை 2010-இல் 11 ஆய்வுக்கூடங்களுக்குச் சும்மா கொடுத்த அந்தக் கம்பெனியும் 2014-இல் மூடப்பட்டது. 2012-லேயே தனி அறக்கட்டளை தொடங்கியிருந்ததால் ரோஸ் பிழைத்தது. எங்கள் லேபுக்கே வருவோம்: மோட்டார் வாங்க பில் கொடுத்தால் பணம் வரும், சாஃப்ட்வேர் எழுத ஆள் வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். அந்த ஆளுடைய வேலையைத்தான் ரோஸ் பார்க்கிறது.

வண்டி வாங்கவே காசில்லாதவர்கள் கஸீபோ சிமுலேட்டரில் ஆரம்பிக்கலாம், அதுவும் இலவசம். தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் வெறும் லைன் ஃபாலோவர்தான் என்றால் ஆர்டுயினோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு போதும், இந்தப் பக்கமே வர வேண்டாம். புதிதாக வருபவர்கள் ஹம்பிளை விட்டுவிட்டு உபுண்டு 24.04-இல் அதைவிடப் புதிய ஜாஸி பதிப்பைப் போடுங்கள். ஹம்பிளுக்கு 2027 மே வரைதான் ஆதரவு, ஜாஸிக்கு 2029 வரை உண்டு. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அந்த வைஃபைக்கு.