21 நாள் தியானச் செயலி: நான் இன்னும் 11-ஆம் நாளில்தான்

மனச்சோர்வுக்கென்றே 21 நாள் பயிற்சி தரும் செயலி. என் மதிப்பெண் 2 நட்சத்திரம். இரண்டுமே நான்காம் நாள் மூச்சுப் பயிற்சிக்கு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்கிறார்கள். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

சிக்கல் முதல் நாளிலேயே. மனச்சோர்வு நோயே இல்லையாம், ஆன்மா நம்மைத் தட்டி எழுப்புகிறதாம். அர்ஜுனன் வில்லைப் போட்டதால்தானே கண்ணன் பேசினான் என்கிறார், குரல் கொடுத்தவர். நல்ல குரல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அர்ஜுனனுக்குக் கேள்வி கேட்கவாவது தெம்பிருந்தது. நான் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பேஸ்ட் காய்ந்தே போனது.

துக்கம் இயல்புதான். அப்பா போனபோது அழுதேன், நடுவில் அவர் அடித்த பழைய ஜோக் ஒன்றுக்குச் சிரிக்கவும் செய்தேன். இதில் இரண்டுமே வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படியென்றால் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வரி? நான் கேட்டவரை எங்கும் இல்லை.

11-ஆம் நாள் செயலியைத் திறக்கவில்லை. மறுநாள் போனில் அறிவிப்பு: "நேற்று நீங்கள் வரவில்லை. உங்கள் ஆன்மா காத்திருந்தது." எல்லாம் என் தப்பு என்று ஏற்கெனவே நொந்துகிடப்பவனுக்கு இது வேறு!

அப்புறம் அக்காதான் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் மனச்சோர்வின் அளவைப் பார்க்க 9 கேள்விகள் உள்ள தாளை நீட்டினார். மதிப்பெண் கூடக்கூடச் சோர்வும் கூடுதலாம்; எனக்கு 27-க்கு 17. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படி ஆகலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். மாத்திரை பலன் தரச் சில வாரமாகும் என்றார். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், பேஸ்ட் காய்வதற்குள் பல் துலக்கி முடித்திருந்தேன்.

தியானத்தை அவர் விடச் சொல்லவில்லை. தியானம் கலந்த 8 வார சிகிச்சையே இருக்கிறதாம். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமலிருக்கத்தான் முதலில் உருவாக்கினார்களாம். முதலில் மருத்துவர், பிறகு தியானம் என்ற இந்த வரிசையைச் செயலிக்காரர்கள் சொல்லியிருந்தால் இன்னொரு நட்சத்திரம் போட்டிருப்பேன். தேறிய பிறகு எனக்குள்ளும் ஏதோ மாறித்தான் இருக்கிறது. அதை ஆன்மிகம் என்று யாராவது சொன்னால் இப்போது சண்டைக்குப் போக மாட்டேன்.

அறிவிப்புகளை அணைத்துவிட்டு, நான்காம் நாளை மட்டும் அவ்வப்போது கேட்கிறேன்.