நகராட்சி உரம் வாங்கலாமா? நுண் உர மையங்களின் தரம் பற்றி

வீட்டுக் குப்பையை மக்கவைத்து உரமாக்கும் நகராட்சி நுண் உர மையங்களில் கிடைக்கும் உரத்தை மாடித்தோட்டத்துக்கு வாங்கலாம். ஆனால் மூட்டையைத் தூக்குமுன் மையத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரே ஊரில்கூட மையத்துக்கு மையம் தரம் மாறுகிறது.

முதலில் குப்பை வண்டி. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொன்னன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நம் கடமை. கலக்காமல் கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை. வாசலில் பிரித்து வாங்கிவிட்டு வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அந்த மையத்தின் உரம் தேறாது. உடைந்த டியூப்லைட்டின் பாதரசத்தையும் பழைய பேட்டரியின் ஈயத்தையும் எந்தச் சல்லடையும் பிடிக்காது.

அடுத்து குப்பையை மக்கவைக்கும் தொட்டி. காய்கறிக் கழிவை மட்டும் கொட்டி நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். காய்ந்த சருகையோ நார்க்கழிவையோ இடையிடையே பரப்பி, கரிம–தழைச்சத்து விகிதத்தை, அதாவது ஒரு பங்கு தழைச்சத்துக்கு எத்தனை பங்கு கரிமம் என்பதை, 25 முதல் 30க்குள் கொண்டுவர வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகும் குவியலில் காற்று புகாமல் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அம்மோனியா நெடி அடித்தால் சருகு போதவில்லை. சாலையோரச் சருகைக் கொளுத்தாமல் இங்கே அனுப்பினாலே பாதிச் சிக்கல் தீரும். அதற்கு நகராட்சிக்குப் புதிய நிதிகூட வேண்டாம்.

குவியலின் நடுவில் 55 டிகிரி சூடு சில நாட்கள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். மூன்றடிக்குக் குறைந்த குவியலில் சூடு தங்காது. வாரம் ஒருமுறை புரட்டினால் ஒன்றரை மாதத்தில் பக்குவமாகும். தூய்மைப் பணியாளர்கள் கையுறை இல்லாமல் புரட்டுகிறார்கள் என்றால், உரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மையம் நல்ல மையம் அல்ல.

மூட்டைக்கு வருவோம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்தில் 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். ஈரம் 15–25 சதவீதம். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆய்வக அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் சோதிக்க, ஒரு பிடி உரத்தை நனைத்து ஜிப் கவரில் மூன்று நாள் மூடி வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வந்தால் சரி. புளித்த வாடை வந்தால் இன்னும் மக்கவில்லை; நிழலில் கொட்டி இரண்டு வாரம் கிளறிவிடுங்கள்.

சமையல் கழிவில் உப்பு உண்டு, ஆகவே வெறும் உரத்தில் நாற்று நட்டால் நுனி கருகும். மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, உரம் 1 பங்கு என்று கலந்தால் போதும். தென்னைக்கும் வாழைக்கும் கொஞ்சம் கரடான உரம்கூட ஏற்றது. கண்ணாடித் துண்டு தென்பட்டால் மட்டும் மூட்டையை அங்கேயே திருப்பிக் கொடுத்து, எந்த வார்டு வண்டியில் வந்தது என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.