வெயில் நாளில் பெய்த 6.3 மில்லிமீட்டர்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை. அப்பா காலத்தில் அது ரப்பர். தோட்ட ஆபீஸ் வாசலில் இருந்த செம்பு மழைமானியைத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுவார். அந்த ஆசையில்தான் 420 ரிங்கிட் கொடுத்து இந்த வானிலைக் கருவியை வாங்கினேன்.

வெப்பம், ஈரப்பதம் எல்லாம் சரி. வம்பு மழைக் கணக்கில்தான். உள்ளே இருக்கும் சின்ன வாளி 0.3 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தடவை கவிழும். கருவி அதைத்தான் எண்ணுகிறது. கவிழ்த்தது மழையா, என் கையா என்று அதற்குத் தெரியாது. புனலில் எறும்பு கூடு கட்டியிருக்கிறதே என்று துடைத்தேன். கொளுத்தும் வெயிலில் 6.3 மில்லிமீட்டர் மழை! அன்றைய கணக்கைப் பூஜ்யமாக்கலாம், ஆனால் விடியற்காலையில் பெய்த நிஜ மழையும் சேர்ந்து போய்விடும். கடைசியில் பதிவைக் கணினியில் இறக்கி எக்செல்லில் நானே திருத்தினேன்.

அப்புறம் அளவையும் சோதித்தேன். புனலின் விட்டம் 11 சென்டிமீட்டர். அதற்கு 285 மில்லி தண்ணீர் என்றால் 30 மில்லிமீட்டர் மழை. போத்தல் மூடியில் ஊசியால் துளை போட்டு முக்கால் மணி நேரம் சொட்டவிட்டேன். காட்டியது 25.5. கருவி தன் மழைக் கணக்கைப் பெருக்கிக் காட்டும் திருத்த எண்ணை 1.18 என்று மாற்றியதும் சரியானது. பழைய பதிவுகளை மட்டும் அது தொடவில்லை. அவற்றையும் நானே பெருக்கினேன். கடைக்குப் போன் செய்தால், "பேட்டரி மாத்திப் பாருங்க அண்ணே" என்கிறார் தம்பி.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பக்கத்தில் இப்போது 12 ரிங்கிட் பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும் நிற்கிறது. காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.