முகாமா, வண்டியா, ஊரிலேயே ஒரு ஆளா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் நண்பர் குழு ஆண்டுக்கு ஒருமுறை அஞ்செட்டிப் பக்கம் மலை ஊர் ஒன்றில் மருத்துவ முகாம் போடும். இந்த முறை பணம் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்ததால், அதை முகாமிலேயே போடுவதா வேறு வழியிலா என்ற வாக்குவாதமும் சேர்ந்துகொண்டது.

முகாமின் பலம் கூட்டம். கண்புரையை ஒரே நாளில் நிறைய பேரிடம் கண்டுபிடித்துவிடலாம், போட்டோவும் நன்றாக வரும். பிரஷர், சுகர் என்றால்தான் சிக்கல். முப்பது நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறோம், அப்புறம்? முந்தைய முகாமில் சுகர் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்த பாட்டி, அடுத்த முகாமுக்குக் காலில் புண்ணோடு வந்தார். "மாத்திரை தீந்துபோச்சு, நீங்க வரவே இல்லையேப்பா" என்றார். அவர் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நடமாடும் மருத்துவ வண்டி மாதாமாதம் வரும், சரி. ஆனால் டீசல், டிரைவர், டாக்டர் என்று செலவு ஓயாது. மழையில் பாதை அரித்துப்போனால் வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரை வீடியோவில் இலவசமாகவே பார்க்கலாம். பக்கத்தில் பிரஷர் பார்த்துச் சொல்ல ஒரு நர்ஸ் இருந்தால் அருமை. மலையில் சிக்னல் கிடைக்க வேண்டுமே!

என் ஓட்டு ஊர்க்காரப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பதற்குத்தான். தர்மபுரி சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கி, பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்தார்கள். அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 147ஆக இருந்த சிசு மரணம் பின்னாளில் ஏறத்தாழ 20ஆக இறங்கியது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதும் நம் ஓசூரைத் தாண்டி, சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டுக்கே வருகிறது, கொண்டுவருபவரும் உள்ளூர்ப் பெண்.

இதிலும் ஓட்டை உண்டு. மலைப்பகுதிக்கான விதிப்படி ஒரு துணை சுகாதார நிலையம் 3,000 பேருக்கு. அந்த 3,000 பேர் எத்தனை குன்றுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை விதி கேட்பதில்லை. நாங்கள் பயிற்சி கொடுக்கும் பெண் அரசு நிலையத்தோடு சேராமல் தனியாக நின்றால் அவரும் வெறும் முகாம்தான். மருந்து அரசு நிலையத்திலிருந்தே வரட்டும். நாங்கள் பிரஷர் கருவி, சுகர் மெஷின், மாதச் சம்பளம் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் என்றதும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஞாயிறு அங்குள்ள மருத்துவ அலுவலரைப் பார்க்கப் போகிறோம். பாட்டியின் பெயரைப் பதியும் வேலை முதலில்.